கண்மாய்க்குள் மருந்து எந்த வழியாக வருகிறது? – கேள்வி பதில்

அண்ணா, வயலில் அடிக்கும் பூச்சிமருந்து எங்கிருந்து கண்மாய்க்குள் வருகிறது என்று ஊருக்கு வரைபடம் போடுகிறோம். கண்மாயைச் சுற்றி 50 மீட்டருக்கு வளையம் போட்டு, உள்ளே விழும் வயல்களைச் சிவப்பாகக் காட்டினால் போதாதா?

போதாது தம்பி. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கரைக்குக் கீழே, கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல் 20 மீட்டரில் இருக்கிறது. அங்கே அடித்த மருந்து மழையில் கரைந்தால் கண்மாய்க்குள் ஏறாது. வடிகால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். மேற்கே 400 மீட்டர் தள்ளியுள்ள பருத்திக்காட்டின் தண்ணீரோ கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக நேரே உள்ளே வந்துவிடும். உங்கள் வளையம் முதல் வயலைப் பிடித்து, இரண்டாவதை விட்டுவிடுகிறது. தூரத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் போகும் பாதையை வரையுங்கள்.

இந்தப் படம் வரைய இலவச மென்பொருள் உண்டா?

க்யூஜிஐஎஸ் (QGIS).

இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தில் உள்ள, கார்ட்டோசாட் செயற்கைக்கோள் எடுத்த 30 மீட்டர் நில உயரத் தரவை வைத்துப் பாதையை எடுத்துவிடலாமா?

தொடங்கலாம், நம்பிவிடக் கூடாது. அதில் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், ஏறக்குறைய 22 சென்ட். ஓரடி வரப்பும் சாலைக்கு அடியில் போகும் சிறுபாலமும் அதில் தெரியாது. வயல் எல்லைகளைக் காட்டும் நில அளவைப் புலப்படத்தை மேலே வைத்துப் பாருங்கள். அப்புறம் ஐப்பசி மழை விட்டதும் இறங்கி நடங்கள். வரைபடத்தில் ஓடையே இல்லாத ஓரிடத்தில், செம்மண் கலந்த தண்ணீர் சிறுபாலத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வரத்துக்காலில் விழுவதை நின்று பார்த்திருக்கிறேன். நடக்காமல் வரைந்த படத்தை ஊருக்குக் காட்டாதீர்கள்.

கத்தரி காய்ப்புழுவுக்கு எந்த மருந்து?

வட்டார வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரிதான் ஓடுமா?

இல்லை. குளோர்பைரிபாஸ் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பெரும்பாலும் வண்டலோடு நகரும். அதற்கு மண் அரிக்கும் சரிவுகளைப் பாருங்கள். இமிடாகுளோபிரிட் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதற்கு வாய்க்கால்கள் முக்கியம்.

நான் விவசாயி. தூரத்தில் இருப்பவன் தலையில் பழி போடத்தானே இந்தப் படம்?

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. எல்லா வயலுக்கும் ஒரே தடை போட்டால்தான் சம்பந்தமில்லாதவரும் நட்டப்படுவார். பாதை தெரிந்தால், வாய்க்கால் ஓரம் நாலடி புல் விட வேண்டியது யார் என்று குறிப்பாகச் சொல்லலாம். காற்றில் பறக்கும் மருந்தும் தூரம் கூடக் கூடக் குறையும்: டிராக்டர் தெளிப்பானை வைத்து ஜெர்மனியில் அளந்த அட்டவணையில் அடித்த அளவில் 1 மீட்டரில் விழுவது 2.77 சதவீதம், 5 மீட்டரில் 0.57 சதவீதம். நம் முதுகுத் தெளிப்பானுக்கு அதே எண்ணை எடுத்துக்கொள்ள முடியாது, ஆனாலும் நாலு மீட்டர் தள்ளி நிற்பதற்குப் பலன் உண்டு.

அதே விவசாயி: சரி, தெளிப்பான் டேங்கை வாய்க்காலில் கழுவுகிறோமே, அது?

இதை எந்த உயரத் தரவும் காட்டாது. ஐரோப்பாவில் குடிநீருக்கு ஒரு மருந்தின் வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் 1 கிராம் மருந்து 1 கோடி லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய்விடும். கழுவுகிற தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

30 மீட்டர் வளையம் போட்டால்?

முதல் பதிலைப் படியுங்கள். வளையம் வேண்டாம்.

அரளிச்செடி வேலி காற்றில் பறந்து வரும் மருந்தைத் தடுக்குமா?

அடர்த்தியாக, இலையோடு இருந்தால் தடுக்கும். வேலி எந்தப் பக்கம் இருக்கிறது, மருந்து அடிக்கும் மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, இரண்டையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.