கல் மதிலுக்கு நாலடி அத்திவாரம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கெட்டில். பின்வளவு டெக்கில் (வீட்டோடு ஒட்டிய மரத்தளம்) இருந்து வேலிப்பக்கம் சரிந்து போகிறது. மூன்றரை அடிக்குக் கல் மதில் கட்டி மண் நிரப்பி மட்டமாக்க ஆசை. ஒரு கொன்றாக்டர், நாலடி தோண்டிக் கொங்கிறீற் அத்திவாரம் போட்டால்தான் நிற்கும் என்கிறார். இன்னொருவர், சல்லிக்கு மேல் அடுக்கினால் போதும் என்று பாதி விலை சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு மனதில் வைத்திருக்கும் மதில்தான் வேறு.

கல்லைச் சீமெந்துச் சாந்தில் கட்டினால் மதில் முழுவதும் ஒரே பலகை. அதற்கு வளையத் தெரியாது. ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் அத்திவாரத்தை 1.2 மீட்டர், அதாவது நாலடி இறக்கச் சொல்வது அதனால்தான். குளிர்காலத்தில் அந்த ஆழம் வரை மண் உறையலாம். உறையும் மண் மேலே எழும்பும். எழும்பினால் சாந்து வெடிக்கும். சாந்தில்லாமல் அடுக்கிய மதில் அசைந்து கொடுக்கும். அரை அங்குலம் எழும்பினாலும் பனி இளகியதும் தன் பாரத்தில் இறங்கி உட்காரும். நாலடிக் குழி அதற்குத் தேவையில்லை. உங்கள் வளவுக்கு நான் சொல்வதும் அடுக்கு மதில்தான். ஆனால் மலிவாகச் சொன்னவர் ‘போதும்’ என்றாரே, அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

மதிலைச் சாய்ப்பது மண் என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் முதல் எதிரி தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும் என்பது தெரிந்த கதை. அதைவிடக் கெட்டது, உறைகிற மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டே இருப்பது. மண்ணுக்குள் அப்பளம் அப்பளமாகப் பனித்தட்டு வளரும். மாவு மாதிரி நைசான வண்டல் மண்ணில் இது மிக மோசம். சமதரையில் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். மதில் இருக்கும் இடத்தில் முகப்புக் கல்லைத் தாண்டியும் உள்ளே போகும். அதனால் பனித்தட்டு மதிலின் முதுகோடு நிமிர்ந்து வளர்ந்து வெளியே தள்ளும். மேலெழும்பிய கல் இறங்கிவிடும். முன்னால் தள்ளுப்பட்ட கல் திரும்பி வராது. அடுத்த வருடம் இன்னும் ஒரு விரற்கடை.

வந்த புதிதில் நானும் இப்படி ஒன்று கட்டினேன். நல்ல சாந்து, வடிவான கல், தோண்டிய மண்ணையே பின்னால் திருப்பிக் கொட்டினேன். மூன்றாவது ஏப்ரலில் மதில் நடுவில் வயிறு தள்ளி நின்றது. பிரித்துப் பார்த்தால் கல்லின் முதுகெல்லாம் களிமண், தொட்டால் கையில் தண்ணீர்.

ஆகவே காசைக் கல்லின் அழகில் கொட்டாமல் முதுகில் போடுங்கள். மதிலுக்குப் பின்னால் குறைந்தது ஒரு அடி அகலத்துக்கு, தூள் இல்லாத முக்கால் அங்குலச் சல்லி. கடையில் கிளியர் ஸ்டோன் என்று கேளுங்கள். சல்லிக்கும் மண்ணுக்கும் இடையில் ஜியோரெக்ஸ்ரைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணை மறிக்கும் துணி. அது இல்லாவிட்டால் சில வருடத்தில் மண் வந்து சல்லியை அடைத்துவிடும். அடியில் நாலங்குல ஓட்டைப் பைப், நூறடிக்கு ஒரு அடி இறக்கத்தில், வாய் வெளியே திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே துணியை மடித்து, ஆறங்குலம் களிப்பான மண் போட்டு இறுக்கினால் மழைநீர் உள்ளே இறங்காது.

அடித்தளத்துக்கு மேல்மண்ணை வழித்தெடுத்து, ஆறங்குலம் உடைகல் போட்டு, வாடகை மெஷினால் தட்டி இறுக்குங்கள். முதல் வரிக் கல் பாதியாவது நிலத்துக்குள் இருக்கட்டும். மதிலின் அடிப்பக்க அகலம் அதன் உயரத்தில் பாதி. ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒன்று, ஒன்றரை அங்குலம் மேட்டுப்பக்கம் சாய்வு. கல்லின் நீட்டுப்பக்கம் முகப்பில் தெரியக்கூடாது, உள்ளே போகவேண்டும். கெட்டிக்கார மேசனையும் படம் பார்த்துக் கட்டுபவரையும் இதில் கண்டுபிடித்துவிடலாம். கீழ்ப் பொருத்தின் மேல் மேற்கல்லின் நடு வரவேண்டும். இடைவெளியைச் சில்லுக்கல்லால் கையால் இறுக்குங்கள், சவளால் அள்ளிக் கொட்ட வேண்டாம். நெடுந்தீவில் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. அங்கே முதுகில் மண்ணுமில்லை, பனியுமில்லை.

கல் வாங்கும்போது சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால், அல்லது ஏடு ஏடாகப் பிரிந்தால், ஐந்தாறு பனிக்காலத்தில் உதிரும். ஓடைக்கரையில் கிடக்கும் தட்டைக் களிப்பாறை அந்தச் சாதி.

மூன்றரை அடி என்பது 107 சென்ரிமீட்டர். நடைபாதை, வீட்டுக்குப் போகும் வழி போன்றவற்றை ஒட்டி 1 மீட்டருக்கு மேல் தெரியும் தாங்குமதில் என்றால், ஒன்ராறியோ கட்டட விதிப்படி பொறியியலாளர் வரைபடமும் பெர்மிட்டும் வேண்டும். உங்களுடையது பின்வளவுதான், இருந்தாலும் நகரசபையில் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஒரே மதிலை இரண்டாகப் பிரிப்பேன்: 21 அங்குலத்தில் ஒன்று, மூன்றரை அடி பின்தள்ளி இன்னொன்று, நடுவே பூச்செடி. இடைவெளி கீழ்மதிலின் உயரத்தைப்போல் இரு மடங்காவது வேண்டும். நெருக்கினால் மேல்மதிலின் பாரம் கீழ்மதிலில் ஏறும். டெக் தூண்கள் மதிலுக்குக் கிட்ட வந்தால் பொறியியலாளரைக் கூப்பிடாமல் தொடங்காதீர்கள்.

வேலியோரம் ஆழமில்லாத பள்ளம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். மழைநீர் போக வீட்டைக் கட்டியவர்கள் விட்டது அது. அதை மூடினால் தண்ணீர் பக்கத்து வீட்டுப் பேஸ்மென்டுக்குப் போகும், பிறகு பேச்சு உங்களோடுதான். தோண்ட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு ஒரு வாரம் முந்தி அறிவியுங்கள். காஸ், மின்சாரக் கம்பி போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். வேலை மே முதல் ஒக்ரோபருக்குள் முடியட்டும். உறைந்த மண்கட்டியைப் பின்னால் போட்டால் இளகும்போது எல்லாம் தாழும்.

கட்டிய அடுத்த மார்ச்சில் பனி உருகும் நாளாகப் பார்த்து, பைப்பின் வாய்க்குப் போய்க் குனிந்து பாருங்கள். தண்ணீர் ஒழுகினால் மதில் வேலை செய்கிறது. மேலே மண் சதசதவென்று இருக்க வாய் மட்டும் காய்ந்திருந்தால் அடைப்பு. அடுத்த பனி விழ முன் அதைத் திறக்க வேண்டும்.