சமாதானச் சிற்பங்கள் மலையகப் பாடசாலைக்கு வரும்போது: கேள்வி பதில்

ஊர் ஊராகப் போகும் சமாதானச் சிற்பக் கண்காட்சியைத் தங்கள் பாடசாலைக்கும் தோட்ட மண்டபத்துக்கும் அழைக்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர், மலையகத்தில் இப்படிப்பட்ட கண்காட்சிகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஓய்வுபெற்ற சித்திரப் பாட ஆசிரியர்.

கொட்டகலை, ஆசிரியை: சேர், எந்த மாதத்தில் அழைத்தால் நல்லது?

மழையைப் பார்த்துத்தான் திகதி வைக்க வேண்டும், டீச்சர். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாப் பக்கம் நனையும். ஆகவே ஆண்டின் நடுவில் ஊவா, பெப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் உங்கள் பக்கம். இல்ல விளையாட்டுப் போட்டி வாரத்தை மட்டும் தவிருங்கள், மண்டபமும் கிடைக்காது, பிள்ளைகளும் கிடைக்க மாட்டார்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால் லொறி புறப்படவே கூடாது. யார் வற்புறுத்தினாலும் சரி.

நுவரெலியா, இளைஞர் கழகம்: வெண்கலச் சிலையைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் போதுமா?

வேண்டாம் தம்பி. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்துபோன உலோகம் கம்பளை, கண்டி என்று கீழே இறங்கியதும் சூடான ஈரக் காற்றில் வியர்க்கும். பொலித்தீன் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். வெண்கலத்தில் பச்சைப் புள்ளி, இரும்பில் துரு, மரத்தில் பூஞ்சணம், எல்லாம் அப்படி வருவதுதான். சாயம் போகாத, துவைத்த பருத்தித் துணியால் முதலில் சுற்றுங்கள். பழைய வேட்டி நல்லது. அப்புறம் மரப்பெட்டி. பொலித்தீன் பெட்டிக்கு வெளியேதான். போய்ச் சேர்ந்ததும் ஓர் இரவு பெட்டியைத் திறக்காமல் மண்டபத்துக்குள்ளேயே விடுங்கள்.

பெட்டியின் அளவையும் யோசியுங்கள். தோட்டத்து வளைவுகள் பலவற்றில் கன்டர் லொறி திரும்பாது. டிமோ பட்டா என்ற சின்ன லொறியில் ஏறும் அளவுக்குச் செய்துகொண்டால் தோட்டத்தின் எந்த டிவிசனுக்கும் போகலாம்.

இராகலை: யாரிடம் அனுமதி?

பாடசாலை என்றால் அதிபர், அவர் வழியாக வலயக் கல்விப் பணிமனை. தோட்ட மண்டபம் என்றால் நிர்வாகம், கூடவே கோயில் கமிட்டி. திருவிழாத் திகதியைக் கேட்டுவிட்டுப் போங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பண்டாரவளை, பெற்றோர்: நகரத்துத் தேசியப் பாடசாலையில் வைத்தால் போதாதா? தோட்டத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வரலாமே.

பஸ் பிள்ளைகளை மட்டும்தான் கூட்டி வரும். அம்மாவை யார் கூட்டி வருவது? மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து சின்னதைத் தூக்கிக்கொண்டு அவர் லயத்து வீட்டுக்கு வரும்போது நகரத்துக் கண்காட்சி மூடியிருக்கும். அதனால்தான் சிற்பம் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறந்துவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் திறந்திருக்கட்டும். நகரத்திலும் வையுங்கள், ஆனால் நகரத்தோடு நிறுத்தாதீர்கள்.

வட்டவளை: பிள்ளைகள் தொடலாமா?

ஒரு சிற்பத்தை மட்டும் அதற்கென்றே ஒதுக்குங்கள், கல்லோ கெட்டி மரமோ. மற்றவற்றுக்குக் கயிறு. பீடம் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம், உள்ளே மணல் மூட்டை வைத்துவிட்டால் சாயாது.

மஸ்கெலியா, ஆசிரியர்: வரப்போகும் சிற்பங்களில் ஒன்று பழைய துப்பாக்கிப் பாகங்களால் செய்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சரியா?

சரி என்றே நினைக்கிறேன், சேர். மொசாம்பிக்கில் 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகும் துப்பாக்கிகள் வீட்டுக்கு வீடு கிடந்தன. 1995இல் பேராயர் டினிஸ் செங்குலானே தொடங்கிய திட்டத்தில், ஆயுதத்தைக் கொடுத்தவர்களுக்குத் தையல் மெஷினும் சைக்கிளும் விவசாயக் கருவியும் கிடைத்தன. வெட்டிச் செயலிழக்கச் செய்த அந்தத் துப்பாக்கிகளால் 2001இல் கெஸ்டர் என்ற கலைஞர் ஒரு நாற்காலி செய்தார். இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ‘ஆயுத சிம்மாசனம்’ பிரித்தானியாவில் பாடசாலைகளுக்கும் சிறைக்கும்கூடப் போய்வந்தது. பிள்ளைகள் அதில் துப்பாக்கியை மட்டும் பார்க்கவில்லை, இனிச் சுட முடியாத துப்பாக்கியைப் பார்த்தார்கள். நியூயோர்க்கில் ஐ.நா. வளாகத்தில் நிற்கும் குழல் முடிச்சிட்ட துப்பாக்கியும் அந்த வகைதான். சுவீடன் கலைஞர் ரொய்டர்ஸ்வார்ட் செய்தது, 1988இல் லக்சம்பேர்க் நாடு ஐ.நா.வுக்குக் கொடுத்தது.

உண்மையான பாகங்கள் இருந்தால் பொலிஸுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து அனுமதியைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் லொறியில் ஏற்ற வேண்டாம்.

பொகவந்தலாவை: மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை, ஐயா. போர் நடந்தது வடக்கு கிழக்கில். தேயிலை மலைக்கு எதற்கு இது?

இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனம் வலிக்கிறது. 1977இலும் 1983இலும் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உயிருக்குப் பயந்து ஓடிய நம் சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியது. பிறகு 2009 வரை நடந்த போர் அவர்களை அங்கேயும் விடவில்லை. இன்றைக்கும் இங்கே பல வீடுகளுக்கு வன்னியில் சொந்தம் உண்டு. அதற்கும் முன்னால், 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் இறந்தார். துப்பாக்கிக் குழல் நமக்குத் தெரியாத பொருள் இல்லை.

ஹாலிஎல: அப்படியானால் காணியும் வீடும் சம்பளமும்தானே நமக்குச் சமாதானம்? சிலையைக் காட்டி என்ன ஆகப்போகிறது, அண்ணே?

தங்கச்சி, நீங்கள் கேட்பது நியாயம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. நம்மில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரு நாடுகளும் பங்கு போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. அதையும் அந்த மண்டபத்திலேயே பேச வேண்டும். தேயிலைச் செடியை வெட்டித் தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, உடைந்த கூடை, பழைய மண்வெட்டி இவற்றைக் கொண்டு பிள்ளைகளே ஒரு சிற்பம் செய்யட்டும். கத்தியின் விளிம்பை முதலில் அராவி மழுக்குங்கள். வெளிநாட்டுச் சிற்பத்துக்குப் பக்கத்தில், அதே உயரப் பீடத்தில் அதை வையுங்கள். காணி கேட்டுப் போகிறவர்கள் போகத்தான் வேண்டும், இந்தக் கண்காட்சி அவர்களைத் தடுக்கவில்லை.

மீண்டும் பொகவந்தலாவை: இதையெல்லாம் பேசினால் பக்கத்துச் சிங்களப் பாடசாலை வருமா?

வரும், முதல் அழைப்பிதழை அவர்களுக்கே கொடுத்தால். விளக்கப் பலகையில் ஆண்டு, இடம், நடந்தது, இவ்வளவும் போதும், வசை வேண்டாம். சிங்களத்தில் இருப்பது அப்படியே தமிழிலும் இருக்க வேண்டும். தமிழில் எழுத்துப் பிழையோடு பலகை வைப்பதை நான் பொறுக்க மாட்டேன். அச்சுக்குப் போகும் முன் தமிழ் ஆசிரியர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடட்டும். இந்த வாக்குவாதத்தை மண்டபத்தில் பிள்ளைகள் முன்னாலும் நடத்துங்கள், அவர்களும் பேசட்டும்.

வெலிமடை: பொலித்தீனுக்குப் பதில் பபிள் ஷீட் நேரடியாகச் சுற்றலாமா?

அதுவும் பொலித்தீன்தான். முதலில் துணி.

தலவாக்கலை: மரச் சிற்பத்துக்கு மட்டும் பொலித்தீன்...

இல்லை. நுவரெலியாத் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

லிந்துலை: பலகையைத் தமிழில் கம்பியூட்டர் மொழிபெயர்ப்பில் போடலாமா?

கூடாது. உங்கள் பாடசாலையிலேயே தமிழ் ஆசிரியர் இருக்கிறார்.

கந்தப்பளை: காப்புறுதி?

சிற்பங்களைத் தருகிறவர்களிடம் கேளுங்கள், அது அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியது. உங்கள் பக்கம், பெட்டி திறக்கும்போதும் மூடும்போதும் நாலு புறமும் படம் எடுங்கள். ஏற்கனவே இருக்கும் கீறலையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.