இம்ப்ரோவ் மேடையில் கையசைவுக்கு இயங்கும் வீடியோ: கேள்வி பதில்

ஒத்திகை இல்லாமல் மேடையிலேயே பிறக்கும் இம்ப்ரோவ் நாடகத்தில், நடிகரின் கையசைவுக்கு ஏற்பப் பின்திரை வீடியோ மாறும்படி செய்துவருகிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: உடல் அசைவைப் பிடிக்கும் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராவைத் தேடி வாங்க வேண்டுமா?

வேண்டாம். அதன் கடைசி மாடலான அஸூர் கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2023லேயே நிறுத்திவிட்டது. வெப்கேம், ஓரளவு வேகமான லேப்டாப், உடல் அசைவைக் கண்டறியும் கூகுளின் இலவச மென்பொருள் மீடியாபைப் போதும். அது ஒரு கையில் 21 புள்ளிகளையும் உடலில் 33 புள்ளிகளையும் பின்தொடரும், அவற்றை டச்டிசைனர், இசடோரா போன்ற மேடை வீடியோ மென்பொருளுக்கு அனுப்பிப் படத்தை இயக்கலாம்.

கேள்வி: திரையில் விழும் உருவத்தையே கேமரா ஆள் என்று நினைக்கிறது. என்ன செய்ய?

அகச்சிவப்பு விளக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் போட்ட அகச்சிவப்பு கேமரா. புரொஜெக்டர் படம் அதற்குக் கிட்டத்தட்டத் தெரியாது, நடிகர் தெரிவார். ஆனால் ஹாலஜன் மேடை விளக்குகளும் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டும், எல்இடிக்கு மாறுங்கள். வருவது கறுப்பு வெள்ளைப் படம், அதில் கை சரியாகப் பிடிபடுகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி: 12 சைகைகள் வைத்தோம், நடிகர்கள் பாதியை மறக்கிறார்கள்.

மறக்கத்தான் செய்வார்கள். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டியவர், மனதுக்குள் சைகைப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தால் காட்சி செத்துவிடும். மூன்று போதும், அதுவும் சுவிட்ச் மாதிரி வேண்டாம், கை உயர உயர மழை வலுக்கும் என்பதுபோல் உடலோடு ஒட்டியதாக இருக்கட்டும். எங்கள் காட்சி ஒன்றில் போலீஸ்காரர் "கையைத் தூக்குடா" என்றதும் திருடன் இரண்டு கையையும் தூக்க, திரையில் கொட்டோ கொட்டென்று மழை. யாரும் திட்டமிடவில்லை. திருடன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, மாடியில துணி காயுது" என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்து துணி எடுத்து மடிக்க, கைகள் தாழ்ந்ததும் மழையும் தானாகத் தணிந்தது. சக நடிகர் கொடுப்பதை ஏற்பதுபோல வீடியோ கொடுப்பதையும் ஏற்க வேண்டும், இந்தத் தொழில்நுட்பத்தை நான் விரும்புவதே அதற்காகத்தான்.

கேள்வி: அசைவுக்கும் படத்துக்கும் இடையே தாமதம் வருகிறதே?

வரும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லிசெகண்ட், அதன்மேல் கணினியின் கணிப்புக்கும் புரொஜெக்டருக்கும் ஆகும் நேரம். சொடுக்கினால் மின்னல் என்று வைக்காதீர்கள். புகை, தண்ணீர், நிழல் மாதிரி மெல்ல நகர்பவற்றில் தாமதம் உறுத்தாது.

கேள்வி: ஆபரேட்டர் தேவையா?

கட்டாயம். சைகையைத் துண்டிக்க ஒரு பொத்தான், திரையை மெல்ல இருட்டாக்க ஒரு பொத்தான். காட்சி முடிகிற கணம் கேமராவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நடிகர்களின் பயிற்சிக்கு முதல் நாளிலிருந்தே அவரும் வரட்டும்.