கறளின் மேல் தார் பூசுவதற்கு முன்

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிற்கும் உங்கள் 1997ஆம் ஆண்டுக் காரின் அடிப்பாகத்தில் கறள் பிடித்திருப்பதாகவும், கராஜ்காரர் உடனே தார்ப்பூச்சு அடிக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடிவிட்டால், வெளியே கறுப்பாகப் பளபளத்தாலும் உள்ளே கறள் தின்றுகொண்டேயிருக்கும்; என் பழைய காரில் அப்படி மூடிய பூச்சை இரண்டு வருடங்கள் கழித்துச் சுரண்டியபோது தகடு அப்பளம்போல் உதிர்ந்தது.

காரை உயர்த்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்திய பின், கதவுகளுக்குக் கீழுள்ள தகட்டைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அது பூச்சு வேலையல்ல, வெட்டி வெல்டிங் செய்யவேண்டிய வேலை. பிரேக் குழாய்களில் கறள் செதிலாகக் கிளம்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். அதில் செலவு பார்க்கவே கூடாது.

மேலோட்டமான கறளைக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து, உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவி, முழுதும் காய்ந்த பின் பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றியைத் தடவினால், எஞ்சிய செம்மை கறுத்து இறுகும். அதன் மேல் கறள் தடுக்கும் பிரைமர், பிறகே அடிப்பாகத்துக்கான தார்ப்பூச்சு. பூசும்போது தகட்டின் அடியில் நீர் வடிவதற்காக உள்ள துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.