குண்டு மிளகாய் விலை ஏறினாலும் விவசாயி கையில் காசு ஏன் தங்குவதில்லை?

விலை ஏறும்போது பெரும்பாலும் சரக்கு விவசாயியிடம் இருக்காது, அதுதான் காரணம். ராமநாதபுரம் கடலோரத்தில் எங்களுக்கு மானாவாரிதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் தைக்கு அப்புறம் மிளகாய்ப் பழம் எடுக்கலாம். ஆனால் உழவுக்கும் களையெடுப்புக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருப்போம், அதனால் வத்தல் அங்கேதான் போயாக வேண்டும், அதுவும் ஊரே கொண்டுவந்து கொட்டுகிற மாசி, பங்குனியில்.

பறிப்புக் கூலி பழத்துக்கு, விலையோ வத்தலுக்கு. நாலு கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோ வத்தல் தேறும், அவ்வளவுதான். களத்தில் அம்மா சோடையை, அதாவது நிறம் வெளுத்துப்போன வத்தலை, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே போடுவார், ஏனென்றால் மூட்டைக்குள் கைவிட்டு அள்ளுகிற வியாபாரி கண்ணில் நாலு சோடை பட்டாலே விலை இறங்கிவிடும். காயும் நேரத்தில் ஒரு தூறல் விழுந்தால் போச்சு.

2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதாவது இந்தக் குண்டு மிளகாய்க்கு, புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்குப் பெருமைதான். ஆனாலும் கடன்பட்டவர் எப்படிப் பேரம் பேசுவார்? சரி, வழி இருக்கிறதா என்றால், அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வத்தலை இருப்பு வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். முன்பணத்தை அடைத்துவிட்டு விலைக்குக் காத்திருக்க முடியும். அறுவடைக்கு முன்பே போய் விசாரித்து வையுங்கள்.