பலகாரம் முடிந்த பிறகு என்ன?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பழைய வீட்டில் இரண்டு அறைகளைத் தங்குவதற்கு விடுகிறோம், காலைப் பலகாரமும் உண்டு. சாப்பிட்டதும் விருந்தினர் முற்றத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். மாலையில் நடன நிகழ்ச்சி ஏதாவது வைக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, செலவுதான் மிச்சம். பணியாரக் கல்லை அடுப்படியிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். மாவு ஊற்றி, ஓரம் சிவந்ததும் கம்பியால் குத்தித் திருப்புவதை அவர்களே செய்து பார்க்கட்டும், முதல் ஈடு எப்படியும் பிய்ந்துபோகும், அந்தச் சிரிப்பிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் ஆட்டோ பிடித்து, தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கு அனுப்புங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டுக் கல்லாக்குவதைப் பார்த்துவிட்டு வந்தால், உங்கள் வீட்டுத் தரையையே குனிந்து குனிந்து பார்ப்பார்கள். மதியத்தில் மட்டும் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், தூங்கட்டும், நீங்களும் கொஞ்சம் படுங்கள். கேட்க மறந்துவிட்டேன்: வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிவு செய்கிறீர்கள்தானே? பாஸ்போர்ட், விசா பக்கங்களை, அவர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.