பிறந்தவுடன் அழாத குழந்தைக்குப் பின்னாளில் பாதிப்பு வருமா?

பிறந்தவுடன் அழாமல் மூன்று நாளாக என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும் தங்கை மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். இதே நிலையைக் கடந்து வந்த ஒரு பெண் குழந்தையின் தாய்.

அழவில்லை என்பதை மட்டும் வைத்து மூளை பாதித்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம். முகமூடி வைத்துக் காற்றைச் செலுத்தியதும் ஓரிரு நிமிடங்களில் மூச்செடுத்துத் தேறிவிடும் குழந்தைகளே மிகுதி. ஆக்சிஜன் குறைவு மூளையைத் தாக்கியிருந்தால், வலிப்பு வந்ததா, கைகால்கள் துவண்டிருக்கின்றனவா, பால் சப்புகிறதா என்று பார்த்து, லேசானது, நடுத்தரம், கடுமையானது என மூன்றாகப் பிரிப்பார்கள். இதில் உங்கள் தங்கை மகன் எந்த நிலை என்பதையே முதலில் கேளுங்கள். ஆக்சிஜன் குறையும்போது உடல் மூளையையும் இதயத்தையும் காக்க முயன்று மற்ற உறுப்புகளுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுவதால், சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகியவையும் அடிபடக்கூடும்; டயப்பரை எடைபோட்டுச் சிறுநீரை அளப்பதும், பால் கொடுப்பதைத் தள்ளிப்போடுவதும் அதனால்தான்.

குளிரூட்டும் சிகிச்சை தரவில்லையே என்று பலர் மனம் குமைவதுண்டு. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கும் அம்முறை மேலைநாடுகளில் பலன் தந்தது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. குளிரூட்டிய குழந்தைகளிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது.

என் மகளுக்கு நடுத்தரப் பாதிப்பு. இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. பதினான்காம் நாள் நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையாக வீடு திரும்பினாள். நான்காம் மாதத்தில் துணி மாற்றும்போது தொடைகள் விரிய மறுத்தன. இரு கட்டைவிரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தன. காலில் நல்ல பலம் என்று என் மாமியார் மகிழ்ந்தார். அது தசை இறுக்கம் என்றார் பிசியோதெரபிஸ்ட். மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் அன்றே பயிற்சி தொடங்கியது. ஆகவே குழந்தை நன்றாகவே தெரிந்தாலும் செவித்திறன், கண், வளர்ச்சிப் பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். மூளைப் பாதிப்பால் உடல் அசைவும் தசைக் கட்டுப்பாடும் குன்றும் மூளை முடக்குவாதம் பல மாதங்கள் கழித்தே வெளிப்படையாகத் தெரியவரும்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. காலில் ஸ்பிளிண்ட் எனும் தாங்குபட்டை அணிந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பள்ளிப் படிகளைத் தானே ஏறுகிறாள்.